நகல் யுத்தம் – 9 : வெள்ளிக்கிழமை வந்த பட்டியல்

போன வாரம் க்ராக்ஸ்டர் வழக்கில் நிறுத்தியிருந்தோம். 2005 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: ‘வா, வந்து நகலெடுத்துக்கொள்’ என்று கூவி அழைத்து மென்பொருளைக் கொடுத்தவன், நகலெடுத்தவனின் குற்றத்தில் பங்காளி. 1984-ல் சோனியின் வீடியோ ரெக்கார்டரைக் காப்பாற்றிய அதே நீதிமன்றம்தான். அன்று 5-க்கு 4. இன்று 9-க்கு 0.

அந்தத் தீர்ப்பு வந்த நேரத்தில், கலிபோர்னியாவில் மூன்று இளைஞர்கள் புதிதாகத் தொடங்கிய வலைத்தளத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம். மூவரும் பேபாலில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஏப்ரல் 23 அன்று அந்தத் தளத்தில் ஏறிய முதல் வீடியோ 19 விநாடி ஓடுகிறது. சான்டியாகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று கரீம் பேசுகிறார். யானைக்குத் தும்பிக்கை நீளம் என்பதைத் தாண்டி அதில் பெரிதாக விஷயம் இல்லை.

ஒன்றரை வருடத்தில் கதை மாறிவிட்டது. 2006 அக்டோபர் 9. எழுபது பேர்கூட வேலை பார்க்காத யூட்யூபை 165 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்குவதாக கூகுள் அறிவித்தது. அதன் உண்மையான மதிப்பு 60, 70 கோடிதான் என்றும், மேலே கொடுத்த 100 கோடி, கைநழுவிப் போய்விடக் கூடாதே என்பதற்காகக் கொடுத்தது என்றும் கூகுளின் தலைவர் எரிக் ஷ்மிட் பின்னாளில் சத்தியப் பிரமாணம் செய்து சொன்னார்.

இன்னொரு கணக்கு இதைவிட சுவாரசியமானது. கொடுக்கவேண்டிய பங்குகளில் 12.5 சதவீதத்தை கூகுள் ஒரு வருடத்துக்குத் தனியாக எடுத்து வைத்தது. வழக்கு வந்தால் சமாளிக்க. தாலி கட்டும்போதே வக்கீல் ஃபீஸுக்கும் முடிந்துவைத்த கல்யாணம் அது.

வழக்கு வந்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை.

ஜன்னலில் தொங்கியவர்

1979 மார்ச் மாதம், பாஸ்டன் நகரின் காப்லி பிளாசா ஹோட்டலில் நள்ளிரவில் தீப்பிடித்தது. அறைக்குள் நெருப்பு. வெளியே போக வழியில்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் ஜன்னல் வழியே ஏறி, விளிம்பை விரல்களால் பற்றிக்கொண்டு வெளியே தொங்கினார். கை வெந்தது. விடவில்லை. தீயணைப்பு வீரர்களின் ஏணி வரும்வரை தொங்கினார்.

அவர் பெயர் சம்னர் ரெட்ஸ்டோன். படித்தது சட்டம். அப்பா நடத்தியது, காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி தியேட்டர்கள். புதுப் படங்களை அந்தத் தியேட்டர்களுக்குத் தர மறுத்த ஸ்டூடியோக்களை இளம் வயதிலேயே கோர்ட்டுக்கு இழுத்தவர். தீயில் பிழைத்தபின் ஒவ்வொன்றாக வாங்கினார். எம்.டி.வி., நிக்கலோடியன், காமெடி சென்ட்ரல், பாரமவுண்ட் ஸ்டூடியோ, எல்லாம் அவருடைய வயாகாம் குழுமத்துக்குள் வந்தன.

சரக்கு வைத்திருப்பவனே ராஜா என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த மனிதர். அவருடைய சரக்கு இப்போது யூட்யூபில் இலவசமாக ஓடிக்கொண்டிருந்தது. ‘சவுத் பார்க்’ துண்டுகள், ‘டெய்லி ஷோ’ துண்டுகள், நிக்கலோடியனின் குழந்தைத் தொடர்கள். யாரோ வீட்டில் பதிவுசெய்து, பத்து நிமிடம் பத்து நிமிடமாக வெட்டி ஏற்றியவை.

கூகுளும் வயாகாமும் பேசிப் பார்த்தன. உரிமத்துக்கு எவ்வளவு, விளம்பர வருமானத்தில் பங்கு எவ்வளவு? பேச்சு முறிந்தது.

வெள்ளி மாலை, திங்கள் காலை

2007 பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை. வயாகாமிடமிருந்து யூட்யூபுக்கு நோட்டீஸ் போனது. அத்தோடு ஒரு பட்டியல்.

சாதாரணமாக இப்படிப்பட்ட நோட்டீஸில் ஒன்றோ பத்தோ வீடியோக்கள் இருக்கும். இதில் 1 லட்சம். வயாகாமின் ஆட்கள் மாதக்கணக்கில் தேடித் தேடிக் குறித்துவைத்ததை மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள்.

அந்த வார இறுதியில் அமெரிக்கா முழுவதும் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி பார்க்க உட்கார்ந்திருந்தது. அடுத்த வேலைநாள் விடிவதற்குள் பட்டியலில் இருந்தவை ஏறக்குறைய எல்லாம் யூட்யூபிலிருந்து போய்விட்டன.

இதில் அகப்பட்ட அப்பாவிகளும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பார்பிக்யூ உணவகம் ஒன்றில் நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பிட்டதை எடுத்த அரை நிமிட வீடியோவும் வயாகாமின் சொத்தாகக் கருதப்பட்டு இறக்கப்பட்டது. தவறு நடந்துவிட்டது என்று நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது.

இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தன் கையில் இருப்பது எதிரியை வீழ்த்தும் ஆயுதம் என்று வயாகாம் நினைத்தது. ‘பார்த்தீர்களா, ஒரு லட்சம்! இவ்வளவு திருட்டுச் சரக்கை வைத்துத்தான் கடை நடத்துகிறார்கள்.’

மார்ச் 13 அன்று நியூயார்க் மன்ஹாட்டனில் உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு பதிவானது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள், 150 கோடி முறை பார்க்கப்பட்டிருக்கின்றன என்றது மனு. கேட்ட நஷ்டஈடு 100 கோடி டாலர்.

மேசை யாருடையது?

கொஞ்சம் நின்று சட்டத்தைப் பார்த்துவிடுவோம். இது புரியாமல் மேலே போனால் தீர்ப்பு விளங்காது.

2004-ல் தமிழ்நாட்டில் திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பர்மா பஜாரில் மேசை போட்டு விசிடி விற்பவரைப் பிடித்து உள்ளே வைக்கலாம். சரி. அவருக்கு அந்த மேசையை வாடகைக்கு விட்டவரை என்ன செய்வது? மேசையில் என்ன விற்கப்படுகிறது என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு இணைய உலகத்துக்கென்று அமெரிக்கா 1998-லேயே பதில் எழுதியிருந்தது. அந்த அக்டோபரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட டிஜிட்டல் மில்லேனியம் காப்புரிமைச் சட்டம், 512-ஆம் பிரிவு. பிறர் ஏற்றுவதை வைத்துக் காட்டும் தளத்துக்குப் புயலில் ஒதுங்க ஒரு துறைமுகம் கட்டிக்கொடுத்த பிரிவு அது. வக்கீல்கள் இன்றும் அதைத் துறைமுகம் என்றுதான் சொல்கிறார்கள்.

உள்ளே வர நிபந்தனை உண்டு. தளத்துக்குத் திருட்டு பற்றித் தெரிந்திருக்கக் கூடாது. கண்ணில் படும்படி சிவப்புக் கொடி ஆடினால் பார்க்காததுபோல் போகக் கூடாது. தெரிந்த உடனே இறக்கிவிட வேண்டும். உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்தால் இறக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தப்பு செய்கிறவனின் கணக்கை மூட வேண்டும். தடுக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே அந்தத் திருட்டிலிருந்து நேரடியாகக் காசு பார்க்கக் கூடாது.

ஆனால் ஏறுகிற ஒவ்வொன்றையும் நீயே உட்கார்ந்து சோதி என்று சட்டம் சொல்லவில்லை. அதற்கு நேர்மாறாக, கண்காணிப்பது கட்டாயமல்ல என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது.

ஆக, 100 கோடி டாலர் வழக்கு மொத்தமும் ஒரே சொல்லின் மேல் நின்றது. ‘தெரியும்’.

யூட்யூபுக்குத் தெரியுமா?

யார் என்ன பார்த்தார்கள்?

வழக்கு லூயி ஸ்டான்டன் என்ற நீதிபதியிடம் போனது. எண்பது வயதை எட்டியவர். ரீகன் காலத்தில் நியமனம் பெற்றவர்.

2008 ஜூலை தொடக்கத்தில் அவர் போட்ட ஓர் உத்தரவு, வழக்கைப் பற்றிக் கேள்வியே படாதவர்களையும் உலுக்கியது. மக்கள் அதிகம் பார்ப்பது திருட்டு வீடியோவையா, வீட்டு வீடியோவையா என்று கணக்கிட வயாகாமுக்குத் தகவல் தேவைப்பட்டது. யூட்யூபின் பார்வைப் பதிவேடு முழுவதையும் கொடுத்துவிடுங்கள் என்றார் ஸ்டான்டன். எந்த வீடியோ, எந்த நேரம், எந்தப் பயனர், எந்த ஐ.பி. முகவரி என எல்லாம் சேர்த்து 12 டெராபைட்.

உலகம் பூராவும் பார்த்த பார்வை அதில் இருந்தது. அந்த வருடங்களில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஏதோவொரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வட்டம் சுற்றிச் சுற்றித் திறக்கும்வரை காத்திருந்து பழைய பாட்டு பார்த்தவர் நீங்கள் என்றால், அந்த 12 டெராபைட்டில் உங்களுக்கும் ஒரு வரி இருந்திருக்கும்.

பெரும் கூச்சல் எழுந்தது. இரண்டு வாரத்துக்குள் இரு தரப்பும் இறங்கிவந்தன. பயனர் பெயர்களையும் முகவரிகளையும் மறைத்துத் தருவதென்று முடிவானது.

இது கிளைக்கதைதான். ஆனால் இரண்டு கம்பெனிகளின் சண்டையில் மூன்றாவதாக நாமும் இருக்கிறோம் என்பது முதன்முதலில் உறைத்தது அப்போதுதான்.

பழைய மின்னஞ்சல்கள்

2010 மார்ச் 18. அதுவரை முத்திரையிட்டு வைத்திருந்த ஆவணங்களை நீதிமன்றம் வெளியே விட்டது. அன்று இரு தரப்பின் மானமும் ஒன்றாகக் கப்பலேறியது.

முதலில் யூட்யூபின் மானம்.

க்ராக்ஸ்டர் தீர்ப்பு வந்து மூன்று வாரம்தான். 2005 ஜூலை 19. ஸ்டீவ் சென் தன் கூட்டாளி கரீமுக்கு எழுதுகிறார். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: தயவுசெய்து திருட்டு வீடியோக்களை நம் தளத்தில் ஏற்றுவதை நிறுத்து. ஏற்றியது நாங்கள் இல்லை, வேறு யாரோ என்று நாளை சொல்லவேண்டி வரும். நிறுவனர்களில் ஒருவனே திருடி ஏற்றிக்கொண்டிருந்தால் எந்த முகத்தோடு சொல்வது?

வக்கீல் யாரும் சொல்லிக்கொடுத்து எழுதியதல்ல. 26 வயதுப் பையன் எழுதியது. வழக்கு எங்கே வந்து நிற்கும் என்று அவனுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

செப்டம்பரில் இன்னொன்று. காப்புரிமை மீறிய வீடியோவைப் பார்வையாளரே சுட்டிக்காட்ட ஒரு பொத்தான் வைத்தார்கள். கொஞ்ச நாளில் எடுத்துவிட்டார்கள். ஏன்? பொத்தானை அழுத்தியும் நாம் இறக்காவிட்டால், நமக்கு அறிவிப்பு வந்ததாக ஆகிவிடும் என்று உள்ளுக்குள் பேசிக்கொண்டதும் ஆவணத்தில் இருந்தது.

2006 மார்ச்சில் கரீம் நிர்வாகக் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இன்ன இன்ன பிரபல நிகழ்ச்சிகளின் துண்டுகள் நம் தளத்தில் இன்றும் கிடைக்கின்றன என்று பெயர் பெயராக எழுதியிருந்தார். வயாகாமின் நிகழ்ச்சிகள் வரிசையாக நின்றன. சட்டப்படி கண்காணிக்கும் கடமை நமக்கில்லை, ஆனாலும் பச்சையாகத் தெரிகிற திருட்டை நாமே இறக்கிவிடுவது நல்லது என்பது அவர் யோசனை. கம்பெனிக்குள்ளேயே எடுத்த கணக்கெடுப்பு, ஓடுகிற வீடியோக்களில் 75 முதல் 80 சதவீதம் காப்புரிமை உள்ளவை என்று மதிப்பிட்டிருந்தது.

இவ்வளவும் எப்படிக் கிடைத்தன? கம்பெனியை விட்டு மேல்படிப்புக்காக ஸ்டான்ஃபோர்டு போன கரீம் தன் சொந்தக் கணினியில் பழைய அஞ்சல்களை அழிக்காமல் வைத்திருந்தார். நிறுவனர்களில் முதலில் ஒதுங்கியவர்தான் கடைசியில் பெரிய சாட்சி.

கடையிலிருந்து ஏற்றியவர்கள்

அதே நாள், அதே ஆவணக் கட்டு. இப்போது வயாகாமின் முறை.

யூட்யூபின் தலைமை வழக்கறிஞர் ஜஹாவா லெவின் அன்று பகிரங்கமாக எழுதியது படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும். திருட்டு, திருட்டு என்று கோர்ட்டில் முழங்கிய வயாகாம், தன் நிகழ்ச்சிகளின் துண்டுகளை ரகசியமாக யூட்யூபில் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. விளம்பரத்துக்காகத்தான். அதற்கென்று குறைந்தது 18 மார்க்கெட்டிங் நிறுவனங்களை அமர்த்தியிருந்தது.

தாங்களே ஏற்றியது தெரியக்கூடாது என்பதற்காகப் படத்தை வேண்டுமென்றே கெடுத்தார்களாம், யாரோ திருடிப் போட்டதுபோல் இருக்கட்டும் என்று. அலுவலகத்திலிருந்து ஏற்றினால் தடயம் இருக்கும் என்று ஊழியர்களை கிங்கோஸ் கடைக்கு அனுப்பினார்களாம். கிங்கோஸ் என்றால் நம் ஊர் ஜெராக்ஸ் கடை மாதிரி.

காட்சியைக் கண்முன் கொண்டுவாருங்கள். உலகின் பெரிய ஊடகக் குழுமம் ஒன்றின் ஆள், ஜெராக்ஸ் கடையில் வாடகைக் கணினி முன் உட்கார்ந்து, தன் முதலாளியின் சொத்தை, தன் முதலாளிக்காகவே, திருடன் மாதிரி ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

இதில் இன்னொரு கூத்து. ஒரு பிரிவு ஏற்றியதை இன்னொரு பிரிவு நோட்டீஸ் கொடுத்து இறக்கவைத்தது. பிறகு, ‘மன்னிக்கவும், அது எங்களுடையதுதான், திரும்பப் போடுங்கள்’ என்று கேட்டு வாங்கியது. கோர்ட்டில் கொடுத்த குற்றப் பட்டியலிலேயே சொந்த அப்லோடுகள் கலந்துவிட்டன. பல துண்டுகளை வழக்கிலிருந்து திரும்பப் பெறவேண்டி வந்தது. எதைத் தாங்கள் ஏற்றினோம் என்பது வயாகாமுக்கே தெரியவில்லை.

கூகுள் வாங்குவதற்கு முன் யூட்யூபை வாங்க வயாகாமும் ஆசைப்பட்டது என்பதும் இந்தக் கட்டில்தான் வெளிவந்தது. என் கணக்கில், இந்த வழக்கின் கோபத்தில் பாதி அந்த ஏமாற்றம்.

2010 ஜூன் 23

ஜூரி இல்லை. சாட்சிக் கூண்டு இல்லை. இரு தரப்பும் கொடுத்த காகிதங்களைப் படித்தே ஸ்டான்டன் தீர்ப்பு எழுதினார்.

வயாகாம் தரப்பு முதல் பக்கங்களைப் படித்தபோது மகிழ்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் நீதிபதி அவர்கள் சொன்ன கதையை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொள்கிறார். தளத்தில் திருட்டுச் சரக்கு பரவலாக இருந்தது யூட்யூப்காரர்களுக்குப் பொதுவாகத் தெரிந்திருந்தது. தெரிந்தது மட்டுமல்ல, அதை வரவேற்கவும் செய்தார்கள் என்று ஒரு ஜூரி முடிவுக்கு வர இடமிருக்கிறது என்கிறார்.

இதற்குமேல் என்ன வேண்டும்?

அங்கேதான் கதை திரும்புகிறது. ஊரில் திருட்டு நடக்கிறது என்று தெரிவது வேறு, இன்ன வீட்டில் இன்ன பொருள் திருட்டுப் பொருள் என்று தெரிவது வேறு என்றார் ஸ்டான்டன். சட்டம் கேட்பது இரண்டாவதை. இன்ன வீடியோ, இன்ன இடத்தில் என்ற குறிப்பான அறிவு இருந்தால்தான் துறைமுகக் கதவு மூடும். பொதுவாகத் தெரியும் என்பதற்குக் கதவு மூடாது.

ஏன் இப்படி? ஒவ்வொரு நிமிடமும் 24 மணி நேரத்துக்கும் அதிகமான வீடியோ ஏறுகிற இடம் அது. ஒரு துண்டைப் பார்த்த மாத்திரத்தில், உரிமையாளர் அனுமதி கொடுத்தாரா, நியாயமான பயன்பாடா, உரிமையாளருக்கு இதில் ஆட்சேபணை உண்டா என்று தளத்தால் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார்.

ஜெராக்ஸ் கடைக்குப் போன ஊழியர்களின் பெயரைத் தீர்ப்பில் தேடவேண்டாம். அந்தக் கேள்விக்குள்ளேயே அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிறகு வருகிறது, நான் நினைவில் வைக்கச் சொன்ன பட்டியல்.

சட்டம் வகுத்த முறை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு ஸ்டான்டன் காட்டிய சான்று அதுதான். வயாகாம் மாதக்கணக்கில் சேர்த்துவைத்து ஒரே நோட்டீஸில் 1 லட்சம் வீடியோக்களைக் கொடுத்தது. அடுத்த வேலைநாளுக்குள் யூட்யூப் ஏறக்குறைய எல்லாவற்றையும் இறக்கிவிட்டது. சொன்னால் இறக்குகிறார்கள். வேறென்ன செய்யவேண்டும்?

வெள்ளிக்கிழமை எதிரியை வீழ்த்த எறிந்த பட்டியல், ஏறக்குறைய மூன்றரை வருடம் கழித்து எதிரிக்கே கேடயமாகத் திரும்பிவந்தது.

யூட்யூப் வென்றது. 100 கோடி டாலரில் ஒரு சென்ட்கூடக் கட்டவேண்டாம்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் ஓர் உறுத்தல் உண்டு. சட்டத்தின் எழுத்துப்படி ஸ்டான்டன் சொன்னதை மறுப்பது கடினம். ஆனால் அந்தப் பொத்தான்? வைத்த பொத்தானைப் பிடுங்கி எறிந்தது, தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகத்தானே? கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த பூனைக்குப் பால் யாருடையது என்று தெரியாது என்று விட்டுவிடலாமா?

தீர்ப்பில் இதற்கு நேரடிப் பதில் இல்லை. ஸ்டான்டன் அந்தப் பக்கம் போகவே இல்லை.

மூவரில் இருவர்

தொங்கியபடி உயிர்பிழைத்தவரின் கம்பெனி அவ்வளவு எளிதில் கையை விடுமா? ஆகஸ்டில் மேல்முறையீடு செய்தது.

மன்ஹாட்டனிலேயே உள்ள இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம். மூன்று நீதிபதிகள். 2011 அக்டோபர் 18 அன்று வாதம் கேட்டார்கள். பிறகு மாதங்கள் ஓடின. தீர்ப்பு வருவதற்குள், 2012 பிப்ரவரியில், மூவரில் ஒருவரான ரோஜர் மைனர் இறந்துபோனார். மீதி இருவர், ஹோசே கப்ரானஸும் டெப்ரா லிவிங்ஸ்டனும், ஒத்த கருத்தோடு எழுதினால்தான் தீர்ப்பு.

அவர்கள் மேசையில் இருந்தவற்றில் கரீம் எழுதிய அந்த 2006 மார்ச் குறிப்பும் ஒன்று. நிகழ்ச்சிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிய குறிப்பு. ‘இன்ன வீடியோ’ என்ற அளவுக்கு அது குறிப்பானதா, இல்லையா?

2012 ஏப்ரல் 5 அன்று இருவரும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். ஸ்டான்டன் தொடாமல் விட்டுப்போன கண்மூடித்தனம் அதில் பெயர் சொல்லியே இடம்பெற்றது.

தெரிந்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டவனையும் ‘தெரிந்தவன்’ கணக்கில் சேர்த்தார்களா?

(தொடரும்)